கல்வாழை வைத்த கரை

எங்கள் கால்வாய்ப் பிரிவின் இளம் பொறியாளர் நிவேதா போன மாதம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஓய்வு பெற்றவர்கள் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "கால்வாய்க்கரைப் பூங்காவைப் பத்தி எழுதுங்க அங்கிள். ஆரம்பத்துல இருந்து கூட இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இந்தப் பக்கம் மிச்சம். படிக்கிறவங்களுக்கு உற்சாகமா இருக்கணும்" என்றார். நல்ல பெண். காபி குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். சரி என்று சொல்லிவிட்டேன். உற்சாகமாக வருமா என்று அப்போதே சந்தேகம்தான். அந்தப் பூங்காவில் நான் ஒருநாள்கூடக் காலை நடைக்குப் போனதில்லை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். நான் மொட்டை மாடியில் நடக்கிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. தூர் வாரும் கூலியாக உள்ளே நுழைந்தவன். இடுப்பளவு சகதியில் நின்று, சட்டியில் சேறு அள்ளி, மேலே நிற்பவன் கையில் கொடுக்கிற வேலை. அப்புறம் நிரந்தரம், அப்புறம் மேஸ்திரி, கடைசியில் பணி மேற்பார்வையாளர். ஆனாலும் கரையில் எல்லாருக்கும் கடைசிவரை மேஸ்திரிதான். அந்த வருஷங்களை விரித்து எழுதினால் மலர் முழுக்கச் சேறாகிவிடும், விடுங்கள். அதில் நான் சேர்த்துவைத்தது ஒன்றே ஒன்று, ஜனங்களின் பேச்சு. மந்தைவெளிப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் கால்வாயைக் காட்டிச் சொல்வார்: "இது ஓடுதுன்னு நீ சொல்ற. நிக்குதுன்னு கொசு சொல்லுது. நான் யார நைனா நம்பறது?" நான் கொசு பக்கம்தான் என்று சொன்னால் டீயில் சர்க்கரை கூடப் போடுவார்.

மந்தைவெளியிலிருந்து ராஜா அண்ணாமலைபுரம் போகிற வழியில், பறக்கும் ரயில் தூண்கள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு நிற்கிற கால்வாய்த் துண்டுதான் நான் சொல்லப்போகும் இடம். நடுவில் ஒரு பாலம். பாலத்துக்கு வடக்கே கரையோரம் ஒரு வரிசை வீடு. தெற்கேயும் ஒரு வரிசை. எதிர்க்கரையில் உயரமான அடுக்குமாடிக் குடியிருப்பு.

வடக்கு வரிசைக்குப் பேசுகிற வாய் ஸ்டெல்லா அக்கா. என்னைவிட வயதில் சின்னவர்தான். ஊரே அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அக்கா. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. அதே பள்ளியில் மகள் பிளஸ் டூ. கணவர் இல்லை. வேலை, மகளின் படிப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை, மருந்து மாத்திரை எல்லாம் நடக்கிற தூரத்தில். "எனக்கு பஸ் பாஸ் வேணாம் மேஸ்திரி, என் காலே பாஸ்" என்பார். அந்த வீடு போனால் இது அத்தனையும் போகும். அந்த வரிசையில் இருந்த எல்லாருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கால்வாயைச் சுத்தம் செய்து, கரை நெடுக நடைபாதையும் பூங்காவும் போடுவது என்று முடிவானபோது, எங்களுக்குச் செயற்பொறியாளராக வந்தவர் குலசேகரன் சார். திருநெல்வேலிக்காரர். எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். பாலத்தின் மேல் காரை நிறுத்தி, கைக்குட்டையால் மூக்கை மூடி, விரலால் திசை காட்டிவிட்டுப் போவார்கள். இவர் முதல்நாளே பேண்டை மடித்துக்கொண்டு கீழே இறங்கினார். கையில் மழைக்கும் வெயிலுக்கும் ஒரு கருப்புக் குடை. அதன் காம்பைத் தண்ணீரில் விட்டு, எங்கே சேறு தட்டுகிறது என்று பார்த்தார். பிறகு கரையில் கிடந்த ஒரு கருங்கல்லில் உட்கார்ந்துகொண்டார். யாரிடம் பேசுவதானாலும் அவர் உட்கார்ந்துதான் பேசுவார். ஏன் என்று கேட்டேன். "நின்னுக்கிட்டுப் பேசினா மனு கொடுப்பாங்கய்யா. உக்காந்து பேசினாத்தான் விஷயத்தைச் சொல்லுவாங்க" என்றார்.

அப்போது பெரிய மனு ஒன்று மேலிடம்வரை போயிருந்தது. நாற்றத்துக்குக் காரணம் வடக்கு வரிசை வீடுகள், அவற்றை எடுக்காமல் பூங்கா போட்டுப் பயனில்லை என்று எதிர்க்கரைக் குடியிருப்புச் சங்கம் கொடுத்த மனு. சார் அதைப் படித்தார். "நாத்தத்துக்கு ஊர் பேர் உண்டு. கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

கேட்கிற விதம் இதுதான். எங்களிடம் பச்சை மருந்து என்று ஒரு பொடி உண்டு. டப்பாவில் செங்கல் நிறமாக இருக்கும். தண்ணீரில் விழுந்தால்தான் கிளிப்பச்சை. கால்வாயில் வந்து திறக்கும் குழாய் வாய்க்கு முன்னால் முதலில் மணல் மூட்டை அடுக்க வேண்டும். கால்வாய்த் தண்ணீர் குழாய்க்குள் பின்னேறினால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பிறகு ஒருவர் கட்டடத்துக்குள் போய், பொடியை வாளியில் கரைத்துக் கழிப்பறையில் ஊற்றி, மேலும் தண்ணீர் விட வேண்டும். இன்னொருவர் குழாய் வாயில் கண் எடுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கழிவு ஒழுங்காகப் பாதாளச் சாக்கடைக்குப் போனால் தெருவில் மூடியைத் திறந்து பார்த்தால் பச்சை தெரியும். கால்வாயில் தெரிந்தால், மழைநீர் போக வேண்டிய குழாயில் எவரோ கழிவைச் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். இதைக் காலையில் செய்ய வேண்டும், ஊரே குளிக்கிற நேரத்தில். மழை பெய்த மறுநாள் செய்யக் கூடாது. "பொடியை அள்ளிப் போட்டுராதய்யா. கால்வாய் பூரா பச்சையாயிட்டுன்னா நாளைக்கு டிவிக்காரன் வந்து நம்மளை அதுல குளிக்கச் சொல்லுவான்" என்பார் சார்.

முதலில் வடக்கு வரிசையின் பொதுக் கழிப்பறையில் ஊற்றினோம். பச்சை வந்தது, கால்வாயில்தான். மறைக்க ஒன்றுமில்லை. சார் ஒரு வாரத்துக்குள் பள்ளம் எடுத்து, அதைத் தெருச் சாக்கடையோடு சேர்த்துவிட்டார். மறுபடி ஊற்றினோம், கால்வாயில் வரவில்லை. அடுத்து எதிர்க்கரை. குடியிருப்பின் காவலாளி கீழ்த்தளக் கழிப்பறையைத் திறந்துவிட்டார். நான் ஊற்றினேன், சார் குழாய் வாயில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "வாய்யா, வந்து பாரு. கல்யாண ஊர்வலம் மாதிரி வருது."

சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. மரியாதையான மனிதர், காபி கொடுத்துத்தான் பேசினார். "எங்க பிளாட்ஸ்லேர்ந்தா? என்ன சார் சொல்றேள்? நாங்க ஒழுங்கா டாக்ஸ் கட்டிண்டிருக்கோம்." கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அத்தனை வருஷமாக அங்கே இருந்தவர், படியிறங்கிக் கால்வாய் ஓரம் வந்தது அன்றைக்குத்தான். வெகுநேரம் பார்த்தார். கட்டடம் கட்டியவன் செய்த வேலை, அவருக்கே தெரியாது. சில மாதத்தில் செலவு செய்து சரிபண்ணியும் விட்டார். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனுவைத் திரும்ப வாங்குங்கள் என்று சார் கேட்டபோது, "அது வேற விஷயம் இல்லையா? குடிசை குடிசைதானே" என்றார்.

ஸ்டெல்லா அக்காவிடம் வந்து சொன்னேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "பச்சத் தண்ணி எங்க வூட்லேர்ந்து வந்தா ஜேசிபி வரும். அவங்க வூட்லேர்ந்து வந்தா இன்னா வரும் மேஸ்திரி? காப்பி வந்துச்சா?" என்றார். வந்தது என்று சொன்னேன். "டிகாக்ஷன் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு மீனைத் திருப்பினார்.

இதற்குப் பிறகுதான் சாருக்கு அந்த யோசனை வந்தது. வீடுகள் கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளேதான் இருந்தன. தண்ணீருக்கும் வாசலுக்கும் நடுவில் நடைபாதை போகத் தாராளமாக இடம் உண்டு. வீடுகள் அங்கேயே இருக்கட்டும், பூங்காவைக் கவனிக்கிற வேலையும் அந்த வரிசைக்கே இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, அவர் வழக்கம்போலக் கல்லில் உட்கார்ந்து சொன்னார். "இந்தத் துண்டை நீங்க சுத்தம் பண்ணிக் காட்டுங்க. அசிங்கம் பண்ணுதாங்கன்னுதானே சொல்லுதாங்க? அந்தப் பேச்சு எடுபடாமப் போகட்டும். மேல நான் பேசுதேன்."

"பேசிடுவியா சார்?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"பேசுதேம்மா. ஆளுங்களைக் கூட்டியாந்தே காட்டுதேன்."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அவர்கள் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் என்று இல்லாமல் வரிசை மொத்தமும் இறங்கும். ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டார்கள். தெர்மாகோல், தலையணை, உடைந்த கமோடு, ஒரு முழு சோபா எல்லாம் வந்தன. அவரவர் வாசலுக்கு நேர் எதிரே, தண்ணீர் விளிம்புவரைக்கும் அவரவர் வாசல் என்று தாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதனால் காலையில் வாசல் தெளிப்பவர்கள் தண்ணீர்வரை தெளித்தார்கள், கோலமும் கரைவரைக்கும் போனது. கிறிஸ்துமஸுக்குக் குடிலைத் தண்ணீர் ஓரத்திலேயே வைத்தார்கள். சார் ஊரில் குளிக்கிற தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் கல்வாழை வைப்பார்களாம். அவர் சொல்லி, விளிம்பு நெடுக அதை நட்டார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தபோது பறக்கும் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் ஓரம் வந்து பார்த்தார்கள்.

பாலத்துக்குத் தெற்கே இருந்த வரிசை எதையும் செய்யவில்லை. அங்கே ஆட்டோ ஓட்டுகிற நாகராஜ், பாலத்துச் சுவரில் சாய்ந்து நின்று இவர்களை வேடிக்கை பார்ப்பான். "இன்னா அக்கா, கால்வாய்க்குப் பவுடர் அடிச்சிக்கினு கீற? பொண்ணு பாக்க வராங்களா?"

"ஆமாண்டா. வர்ற மாப்ள உன் பக்கம் திரும்பிப் பாத்துடப் போறான், மூஞ்சியக் கழுவு" என்பார் அக்கா.

"நம்ம பக்கம் எவனும் வர மாட்டான்கா. மூக்கு தாங்காது."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

மேலிடத்துக் குழு பார்வையிட வந்தது. பெரிய அதிகாரிகள், திட்டம் வரைகிற ஆலோசனை நிறுவனத்து ஆட்கள், அவர்களில் கையில் டேப்லெட் வைத்திருந்த ஒரு அம்மாள். சார் வழக்கத்துக்கு மாறாக இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். ஸ்டெல்லா அக்கா பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, பூசைக்குக் கட்டுகிற புடவையில் நின்றார். குழு வடக்கு வரிசை முழுக்க நடந்தது. மூக்கை மூடாமல் நடந்தது. அந்த அம்மாள் கல்வாழையைப் படம் பிடித்தார். அக்கா மோர் கொடுத்தார், வாங்கிக் குடித்தார்கள். சார் தன் யோசனையைச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு பாலம் ஏறி, தெற்குப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். உடனே கைக்குட்டை வெளியே வந்தது.

பாலத்தின் மேலேயே பேசி முடித்துவிட்டார்கள். நான் இரண்டடி பின்னால் நின்றேன். அந்த அம்மாள் சொன்னார்: "முதல் கட்டத்தை நார்த் சைடுலயே வச்சுடலாம் சார். பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான் இருக்கு. சவுத்ல ஆரம்பிச்சா திறப்பு விழாவுக்குள்ள முடியாது." பெரிய அதிகாரி, "கரெக்ட். வீடுகளை மட்டும் எடுத்துட்டா இது மாடல் ஸ்ட்ரெட்ச்" என்றார். குலசேகரன் சார், "சார், வீடுகள் இருக்கிறதாலதான் இது இப்படி இருக்கு" என்றார். "உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டோம்" என்றார் அதிகாரி. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. தோளில் கை வைத்து, அன்பாகத்தான் சொன்னார்.

கீழே ஸ்டெல்லா அக்கா மோர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கை காட்டினார்.

சார் ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். படியேறாத அலுவலகம் இல்லை. ஒரு பெரிய ஆள் வீட்டு வாசலில் காலை முழுக்கக் காத்திருந்தார், நான் கூடவே நின்றேன். அந்தப் பெரிய ஆளும் காது கொடுத்துக் கேட்டார், தலையாட்டினார். கடைசியில் ஒதுக்கீட்டு உத்தரவு வந்தது. சோழிங்கநல்லூரையும் தாண்டி, மாடிக் குடியிருப்பில் ஆளுக்கு ஒரு வீடு. அதைச் சொல்ல சார் வரிசைக்கு வந்தார். கல் அங்கேயேதான் கிடந்தது. அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

  ஸ்டெல்லா அக்கா மட்டும் கேட்டார். "சார், நாங்க எதுனா கொறை வெச்சோமா? இன்னும் கொஞ்சம் சுத்தம் பண்ணணுமா?"

"இல்லம்மா."

"அப்பறம் ஏன் சார்?"

சார் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

மகளுக்குப் பரீட்சை முடியும்வரை அவகாசம் கேட்டார் அக்கா. திறப்பு விழா முடிவாகியிருந்தது, கிடைக்கவில்லை. சின்ன லாரிகள் வரிசையாக வந்து நின்றன. கட்டில், பீரோ, சமையல் அடுப்பு, மாதா சுரூபம் எல்லாம் ஏறின. நாகராஜ் பாலத்தில் நின்றான். அப்புறம் இறங்கி வந்து அக்காவின் பீரோவுக்குத் தோள் கொடுத்தான். போகிற அன்றைக்கும் அக்கா வாசலைப் பெருக்கிவிட்டுத்தான் லாரியில் ஏறினார். வேண்டாமே என்றேன். "கை கேக்கல மேஸ்திரி" என்றார்.

பூங்கா வந்தது. மோசம் என்று சொல்ல மாட்டேன். நடைபாதை, விளக்கு, பெஞ்சு, பிள்ளைகளுக்குச் சறுக்குமரம். எதிர்க்கரைச் செயலாளர் காலையில் நண்பர்களோடு நடக்கிறார். கல்வாழையைப் பிடுங்கிவிட்டார்கள். வரைபடத்தில் அது இல்லை. அதற்குப் பதில் எங்கிருந்தோ ஒரு அலங்காரப் புல் வந்தது. கழிவு வந்துகொண்டிருந்த குழாய் வாய்களைக் குலசேகரன் சார் ஒவ்வொன்றாக நின்று அடைத்தார். நான் இல்லாவிட்டால் இதைக்கூட ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள் என்று சொல்லித்தான் கடைசிவரை இருந்தார். திறப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பேச்சு முடியும் முன்னமே கிளம்பிவிட்டார். கொஞ்ச நாளில் மாற்றலில் போனார். இப்போது ஊரில் இருக்கிறார். போன் பண்ணினால் மழை பற்றி மட்டும் பேசுவார்.

இரண்டாம் கட்டம் இன்றுவரை வரவில்லை. அத்தனை குப்பையில் கை வைக்க ஒப்பந்தக்காரர் யாரும் வரவில்லை என்றார்கள், பிறகு பேச்சே இல்லை. நாகராஜும் அவன் வரிசையும் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் அதே பள்ளிக்கு நடந்து போகிறார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, என் மகன் கல்யாணப் பத்திரிகையோடு ஸ்டெல்லா அக்காவைப் பார்க்கப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போகும் இடம். ஒரே மாதிரியான உயரக் கட்டடங்கள், துணி காயும் சின்னச் சின்ன ஜன்னல்கள். அக்கா பள்ளி வேலையை விட்டிருந்தார். விடிவதற்கு முன் கிளம்பியும், பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, மணியடிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லையாம். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் துடைத்துப் பெருக்குகிற வேலை. மகள் பரீட்சை எழுதினாள், நினைத்த மார்க் வரவில்லை. அவளும் அதே கம்பெனிக்குப் போகிறாள். மெலிந்திருந்தார், ஆனாலும் பேச்சு மெலியவில்லை. "கல்யாணத்துக்கு வந்தா மொய் வெக்கணும், வராட்டி திட்டு வாங்கணும். எது நைனா சலீசு?" என்று கேட்டுச் சிரித்தார்.

வழியனுப்பக் கீழே வந்தார். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு ஓடை. ஒரு காலத்தில் சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டு போனது போலிருக்கிறது. இப்போது கருப்பாக நின்றது, பிளாஸ்டிக் பையும் பழைய துணியுமாக. நாற்றம் படிக்கட்டுவரை வந்தது. எனக்கு வேலைப் புத்தி போகவில்லை. குனிந்து பார்த்தேன். நல்ல சரிவு இருந்தது, ஒரே இடத்தில்தான் அடைப்பு.

"அக்கா, ஒரு ஞாயித்துக்கிழமை நாலு பேர் இறங்கினாப் போதும். இது ஓடிடும்" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"இங்க கீற பசங்களும் அதத்தான் சொன்னாங்க. யாரோ காலேஜ் ஆளுங்க கைக்கு உறை, மம்முட்டி எல்லாம் கொண்டாந்தாங்க. நான்தான் வூடு வூடாப் போயி வேணாம்னு சொன்னேன்." ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாறட்டும் மேஸ்திரி. நாத்தம் கீற வரைக்கும் எவனும் இங்க பெஞ்சு போட வர மாட்டான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் கீழ்வீட்டுப் பெண் ஒருத்தி, ஒரு வாளி அழுக்குத் தண்ணீரும் காய்கறித் தோலுமாகக் கொண்டுவந்தாள். எங்களைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். ஸ்டெல்லா அக்கா புடவையை ஒதுக்கிக்கொண்டு, நகர்ந்து நின்று அவளுக்கு வழி விட்டார். அவள் ஓடையில் கவிழ்த்துவிட்டுப் போனாள். கால்வாயில் கொட்டாதே, கொட்டாதே என்று சொல்லிச் சொல்லியே வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கியவன் நான். நானும் நகர்ந்து நின்றேன்.